தொழில்: இல்லத்தரசி

2025 பிப்ரவரி 8, சனிக்கிழமை. காலை 9.10க்கு வாஷியில் ஹார்பர் ரயில் ஏறினேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று, ஆயுள் காப்பீட்டு முகவர் தேர்வில் தேறியபின் இதுவே என் முதல் பயணம். செம்பூரில் ராமநாதன் ஏறிக்கொண்டார். எனக்குத் தொழில் கற்றுத்தரும் டெவலப்மெண்ட் ஆபீசர். வயதில் என்னைவிட இளையவர்.

"சார், சாவுங்கற வார்த்தையே வாயில வரக்கூடாது. 'உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா'ன்னு சொல்லுங்க."

"என்ன ஆகும்னு கேட்டா?"

"யாரும் கேக்க மாட்டாங்க."

குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி, தாராவிக்குள் நடந்தோம். ரயில் ஜன்னலிலிருந்து மட்டுமே நான் பார்த்திருந்த ஊர். சந்து ஓர் ஆள் அகலம். எதிரே தோல் சுமையோடு வந்தவருக்கு வழிவிட ஒரு வீட்டு வாசற்படியில் ஏறி நின்றேன். உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

எங்களை அழைத்திருந்தவர் காதர் பாய், திருநெல்வேலிக்காரர். கீழே கைப்பை தைக்கும் பட்டறை, மேலே வீடு. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். மனைவி ஜைனம்பு மெஷினில் லைனிங் தைத்துக்கொண்டிருந்தார்.

ராமநாதன் தொடங்கினார்: "பாய், நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..."

"ஆயிட்டு சார்," என்றார் காதர் பாய். "கிட்னி ரெண்டும் போயிட்டு. செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். எனக்கு எவன் பாலிசி தருவான்? நான் கூப்பிட்டது இவளுக்கு."

ஜைனம்பு மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "நான் மௌத்தாயிட்டா இவங்க மருந்துக்கும் எங்க மக காலேஜுக்கும் வழி வேணும்."

ராமநாதன் பையிலிருந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்தார். "பட்டறை லைசென்ஸ், வருமான வரி எல்லாம் யார் பேர்ல?"

"இவங்க பேர்லதான்," என்று கணவரை நோக்கித் தலையசைத்தார் ஜைனம்பு.

"அப்ப உங்க தொழில் ஹவுஸ்வைஃப்னுதான் எழுதணும்."

மெஷின் நின்றது. "ஹவுஸ்வைஃபா? ஆர்டர் பிடிக்கது நானு, மால் வாங்குதது நானு, கூலி குடுக்கது நானு. சோறு பொங்குதது இவங்க!"

"மீன் ஆணமும் நான்தான்," என்று காதர் பாய் சிரித்தார்.

எங்கள் நிறுவன விதி இது: சொந்த வருமானத்துக்குச் சான்றில்லாத மனைவிக்கு, கணவருக்கு உள்ள காப்பீட்டுத் தொகைக்கு மேல் தர முடியாது. கணவருக்கு ஒன்றும் இல்லையென்றால் மனைவிக்கும் இல்லை. தேர்வில் இதற்குச் சரியான விடை எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். ராமநாதன் அதைப் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"வெளங்கலையே," என்றார் ஜைனம்பு. "சீக்கு இவங்களுக்கு. என் உசுருக்கு எப்படி விலை இல்லாமப் போச்சு?"

காதர் பாய்தான் பேசினார்: "பட்டறையை இவ பேருக்கு மாத்திட்டா?"

"மாத்தி, இவங்க பேர்ல மூணு வருஷம் ரிட்டர்ன் போட்டா கிடைக்கும்," என்றார் ராமநாதன்.

"திங்கக்கிழமையே மாத்திருதேன்."

"போர்டுல உங்க பேரே இருக்கட்டும்," என்றார் ஜைனம்பு. "பெயிண்டருக்கு யாரு அழுவா?" சொல்லிவிட்டு மெஷினுக்குத் திரும்பினார். தைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "மூணு வருஷம்னா என்னைக்கி வருவீங்க அண்ணே?"

தேதியைக் கேட்டால் கிழமையையும் சேர்த்துச் சொல்வது என் பழக்கம். "2028 பிப்ரவரி 8. செவ்வாய்க்கிழமை."

வாஷியில் நான் பாலிசி எடுத்த நாளில் சம்பளச் சீட்டு ஒன்றை நீட்டினேன். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. அந்தப் பெண் மூன்று வருடம் சாகாமல் இருக்க வேண்டும். செருப்பை மாட்டினேன்.

காதர் பாய் வாசல்வரை வந்தார்.

"செவ்வாய்க்கிழமை எனக்கு டயாலிசிஸ் சார்," என்றார். "புதன்கிழமையா வாங்க."