இரவல் என்ற நாலு எழுத்து

ஆடித்தபசு முடிந்த மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஜெயசித்ரா அக்கா கடை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுத் திருநெல்வேலி பஸ் ஏறினாள். தாலுகா ஆபீஸ் பக்கத்து ஜெராக்ஸ் கடை அது. வேலை நாளில் அந்த ஷட்டர் இறங்கி நான் பார்த்ததில்லை. பட்டா நகல் எடுக்க வந்த இரண்டு பேர் வெயிலில் நின்றுகொண்டு, "யாரும் தவறிட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார்கள். "இல்ல, ஒரு வார்த்தையக் காணோம்" என்று சொல்லிவிட்டு அவள் பின்னால் ஓடி நானும் அதே பஸ்ஸில் ஏறினேன்.

ஏழு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்து அப்போது ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் வீடு அவள் கடைக்கு மேல் மாடி. வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாமல் பகலெல்லாம் அவள் கடை ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். நான் ஊரைவிட்டுப் போகும்போது அவள் மாதம் ஒரு புத்தகத்துக்கு மதிப்புரை எழுதிக்கொண்டிருந்தாள். வந்து பார்த்தால் அப்போதும் எழுதிக்கொண்டிருந்தாள். எந்த ஊரிலும் ஆறு மாதத்துக்கு மேல் தங்காத எனக்கு அது எரிச்சலாகக்கூட இருந்தது. ஒரே வேலையை ஒருத்தி பதினோரு வருடமாக எப்படிச் சலிக்காமல் செய்வாள்?

அவள் எழுத ஆரம்பித்ததே ஒரு சண்டையில்தான். யாரோ ஒரு நாவலை முழுதாக நகலெடுக்கக் கொடுத்திருக்கிறார்கள். பக்கம் பக்கமாகக் கண்ணாடியில் கவிழ்க்கும்போதே வாசித்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் வாசகரை ஏமாற்றிவிட்டார்கள் என்று திருநெல்வேலி மாத இதழ் ஒன்றுக்குக் காட்டமாகக் கடிதம் எழுதினாள். இதழை நடத்தும் சங்கரலிங்கம் அதை அச்சிட்டு, மாதாமாதம் எழுதச் சொன்னார்.

புதுப் புத்தகம் வந்ததும் முன்னுரை, அணிந்துரைப் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்துவிடுவாள். புத்தகத்தை முடிக்கும்வரை பின்னைப் பிடுங்கமாட்டாள். "அடுத்தவன் வாயால சாப்பிட முடியுமாட்டி?" என்பாள். மை தீற்றிப் பாழான தாள்களின் பின்பக்கம்தான் அவளுடைய குறிப்பேடு. எழுதி முடித்ததும் போனில் படம் எடுத்து இதழுக்கு அனுப்பிவிட்டு, கைப்பிரதியை ஃபைலில் செருகிவைப்பாள்.

முதல் கடிதத்தின் காட்டம் பிறகு அடங்கிவிட்டது. எழுதியவரை வரிவரியாகக் குத்திக்காட்ட அவளுக்குப் பிடிக்கவில்லை. தீர்ப்பையெல்லாம் கடைசி வரியில் வைத்தாள். 'வாங்கி வாசிக்கலாம்' என்றால் நல்ல புத்தகம். 'இரவல் வாங்கி வாசிக்கலாம்' என்றால் எங்கேயோ இடறுகிறது, காசு போட வேண்டாம். அவளுடைய வாசகர்கள் இதழைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான்.

அச்சில் வந்த தன் மதிப்புரையை மட்டும் அவள் வாசித்ததே இல்லை. தபாலில் வரும் இதழை உறைகூடப் பிரிக்காமல் அடுக்கிவிடுவாள். "அது எழுதியாச்சுல்லா. அடுத்தது இதவிட நல்லா இருக்கும்ட்டி" என்று காத்துக்கிடக்கும் புத்தகத்தை எடுப்பாள். ஒவ்வொரு மாதமும் உண்மையாகவே அப்படி நம்பினாள். சலிக்காததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. அவள் ஏமாந்ததும் அதனால்தான்.

ஷட்டர் இறங்கிய அந்த நாள் காலை, கடை திறந்ததும் மேலநீலிதநல்லூரிலிருந்து பெத்துராஜ் வந்தார். சொந்தக் காட்டில் உழுது விதைக்கும் சம்சாரி, அவளுடைய பழைய வாசகர். கட்டைப் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து மெஷின் மேல் வைத்தார்.

"வாங்க அண்ணாச்சி. மக கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதா?" என்றாள் அக்கா.

"சிரிப்பா சிரிச்சு முடிஞ்சுது மேடம். தாம்பூலப் பையில தேங்காய்க்குப் பதிலா இந்தப் புத்தகத்தத்தான் போட்டேன். முந்நூறு பேருக்கு. மானாவாரிக் காட்டுக் கதை, வாங்கி வாசிக்கலாம்னு எழுதியிருந்திய."

அக்கா நாவலின் அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"கதையில பங்குனி மாசம் கரிசக்காட்டுல உளுந்து வெதைக்கான். மழையும் இல்ல, கெணறும் இல்ல. வெடிச்சுக் கெடக்க தரையில எங்கன வெதைப்பான், வெடிப்புக்குள்ளயா? மாப்ள வீடு குருவிகுளம் பக்கம், அத்தனையும் சம்சாரிக. இப்பம் என்னக் கண்டாலே 'சம்பந்தி, பங்குனிக்கு வெதை எடுத்து வச்சிட்டியளா'ங்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அண்ணாச்சி, அந்தப் பங்குனியப் பாத்துட்டுத்தான் நான் இரவல் வாங்கி வாசிக்கலாம்னு முடிச்சேன்."

"இரவலா?" மடித்து வைத்திருந்த இதழை எடுத்து நீட்டினார். "இதுல இரவல் எங்கன இருக்கு, காட்டுங்க."

இல்லை. 'வாங்கி வாசிக்கலாம்' என்று மட்டும் இருந்தது.

"இனிமே ஒங்க பேச்சக் கேட்டு ஒரு புத்தகம் வாங்க மாட்டேன் மேடம்." நாவலை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அக்கா ஃபைல்களையும் இதழ்களையும் தரையில் பரப்பினாள். நான் உறைகளைக் கிழித்து அச்சை வாசிக்க வாசிக்க, அவள் கைப்பிரதியில் விரல் வைத்துப் பார்த்தாள். மூன்று வருடத்தில் பதினான்கு இடங்களில் 'இரவல்' இல்லை. அதன் பிறகுதான் ஷட்டரை இறக்கினாள்.

சங்கரலிங்கம் தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். இதழ் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் ஃப்ளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். அக்கா பதினான்கு தாள்களையும் அவர் மேசையில் வைத்தாள்.

"எடம் பத்தலம்மா" என்றார். "லே-அவுட் பண்ணும்போது அங்கன இங்கன ஒரு வார்த்தை போகத்தான் செய்யும்."

"நாலு எழுத்துக்கா அண்ணாச்சி எடம் பத்தல? பதினாலு தடவையும் அதே நாலு எழுத்தா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "புத்தகம் போடுதவங்கதான் நமக்கு விளம்பரமும் தாராங்க. இரவல் வாங்குன்னு அச்சடிச்சிட்டு அவங்க மூஞ்சில எப்படி முழிக்க? ஒரு வார்த்தைதானம்மா."

"அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் முந்நூறு பக்கம் வாசிக்கேன்."

பதினான்கு புத்தகங்களின் பெயரையும் போட்டுத் திருத்தம் வெளியிடச் சொன்னாள். அது இதழுக்கு மரியாதை இல்லை என்றார் அவர். "வேணும்னா அடுத்த மாசத்துலேர்ந்து ஒங்க போட்டோவப் போடுதேன்."

காபியைத் தொடாமல் எழுந்து வந்தாள். பஸ்ஸில் நான் பொரிந்துகொண்டே வந்தேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "என் பேரு கெடக்கட்டும்ட்டி. முந்நூறு பேரு முன்னால அந்த மனுசன் நின்னாருல்லா, அதுக்கு யாரு திருத்தம் போடுவா?" என்றாள்.

அடுத்த இதழில் திருத்தம் வரவில்லை. கட்டம் கட்டிய அறிவிப்பு வந்தது: 'பதினோரு ஆண்டுகள் தொடர்ந்து எழுதியதில் ஆர்வம் குறைந்துவிட்டதால் ஜெயசித்ரா இப்பகுதியிலிருந்து விடைபெறுகிறார்.'

ஆர்வம் குறைந்துவிட்டதாம். அதை வாசித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூன்று வருடம் அவளுடைய வார்த்தையை உருவிக்கொண்டிருந்தவர், அவளுடைய ஆர்வத்தை அளந்து சொல்கிறார். ஊரும் அதை நம்பியது. "எத்தன நாளைக்குத்தான் வாசிப்பிய, பாவம்" என்று நகலெடுக்க வந்தவர்கள் ஆறுதல் சொன்னார்கள். விசைத்தறிக்குப் போகும் அவள் வீட்டுக்காரர் சுடலைமணிகூட, "விடு, கண்ணுக்காவது ரெஸ்ட்டு" என்றார். ஏன் நிறுத்தினாய் என்று ஒருவர் கேட்கவில்லை. ஆர்வம் என்பது டார்ச்லைட் பேட்டரி மாதிரி தானாகத் தீர்ந்துபோகும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். யாரோ கழற்றிக்கொண்டு போயிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

இரண்டு மாதம் அவள் எதையும் வாசிக்கவில்லை. மேசையில் புத்தகங்கள் ஸ்டேப்ளர் படாமல் கிடந்தன. பிறகு அந்த இதழில் வேறொருவர் மதிப்புரை எழுதத் தொடங்கினார். அக்கா முதன்முறையாகத் தன் கையாலேயே உறையைப் பிரித்து அந்தப் பக்கத்தை வாசித்தாள். கடைசி வரி: 'வாங்கி வாசிக்கலாம்.'

"ஏட்டி, என் வரியையும் எடுத்துக்கிட்டானுவ" என்றாள். அன்று மாலையே ஸ்டேப்ளரைத் தேடினாள்.

மெஷின் அவளுடையது, தாள் அவளுடையது. ஏ-ஃபோர் தாளில் இரண்டு பக்கமும் எழுதி, மேலே 'இரவல்' என்று பெயர் வைத்தாள். முதல் தாளில் அந்தப் பதினான்கு புத்தகங்களும், ஏன் இரவல் என்ற காரணங்களும். பங்குனி உளுந்து முதலாவது. இம்முறை எதையும் ஒரு வார்த்தைக்குள் மடித்து வைக்கவில்லை. பட்டா நகல் எடுத்தாலும் ஆதார் நகல் எடுத்தாலும் தாள் ஒன்று கூடவே போனது. பெத்துராஜுக்கு மட்டும் மாதாமாதம் தபாலில் அனுப்பினாள்.

அவரிடமிருந்து பதில் இல்லை. "ஒரு போன் போட்டா அவரு கொறஞ்சா போயிருவாரு?" என்று நான் எகிறுவேன். அவருக்கும் தெரிந்துவிட்டதே, தப்பு அவளுடையது இல்லையென்று.

"அவரு கோவம் நியாயம்ட்டி" என்பாள். "என்னோடத நான் வாசிச்சிருக்கணும்லா." இப்போது முதல் பிரதி மெஷினைவிட்டுச் சூடாக வெளியே வந்ததும் எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசிக்கிறாள். அதற்குப் பிறகுதான் அடுத்த புத்தகம்.

இருபது மாதம் கழித்து, இந்தப் பங்குனியில், அவள் போனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

'மேடம், பெத்துராஜ், மேலநீலிதநல்லூர். சித்திரையில பேத்திக்குக் காதுகுத்து. இந்த மாசத் தாள்ல ரெண்டாவது புத்தகத்துக்கு வாங்கி வாசிக்கலாம்னு போட்டிருக்கிய. முன்னால இரவல் விட்டுப்போகலல்லா? ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க. தாம்பூலப் பைக்கு நூறு வேணும்.'