இரண்டாவது டீ வரும்வரை

யமுனைப் பாலத்தின் மேல் மெட்ரோ ஊர்ந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. தை மாதத்து மூடுபனி. ஜன்னலுக்கு வெளியே ஆறும் இல்லை, கரையும் இல்லை. வெள்ளையாக ஏதோ ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. சாரின் மனைவி பகவதி அக்காதான் அழைத்தார். "மரகதம், அவுக போயிட்டாக. காப்பி ஆத்தி வச்சுட்டு எழுப்புதேன், எந்திரிக்கல" என்றார். அழுகை இல்லாத குரல். பெங்களூரில் இருந்து மகன் வந்து சேர வேண்டும், சாயங்காலம்தான் எடுப்பார்கள் என்றும் சொன்னார். நான் சரி என்றேனா, ஐயோ என்றேனா, நினைவில்லை. நேராக அவர்கள் வீட்டுக்கு, ஜனக்புரிக்கே அதே ரயிலில் போயிருக்கலாம். கால் என்னைக் கேட்காமல் ஆபீஸ் ஸ்டேஷனில் இறங்கிவிட்டது.

நெல்லையப்பன் சாரை இந்தத் தமிழ்ச் சங்க மலரைப் படிக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். ஜனக்புரிக்காரர்களுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை காய்கறிப் பையோடு நடுரோட்டில் நின்று வானத்தைப் பார்க்கிறவர். எனக்கு அவர் எங்கள் நிறுவனத்தின் கணிப்பொறிப் பிரிவுத் தலைவர். நான் கொள்முதல் பிரிவு. விவசாயிகள் அனுப்பும் மண்ணைப் பரிசோதித்து என்ன உரம் போடலாம் என்று சொல்லும் இடம் எங்களுடையது. அங்கே கணினியோ சர்வரோ வாங்க வேண்டுமென்றால் அது கொடுக்கிற விலைக்குத் தகுமா என்று அவர் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு நான் வாங்க வேண்டும். அவர் திருநெல்வேலி, நான் கோபிச்செட்டிபாளையம். அவருக்கு வாய் திறக்க நேரமாகும். எனக்கு மூட நேரமாகும். இருந்தும் எங்களுக்குள் ஒருநாளும் சண்டை வந்ததில்லை.

கூட்டங்களில் அவர் கண்ணை மூடிக்கொள்வார். கோட்டு போட்ட கம்பெனிக்காரர்கள் திரையில் படம் படமாகக் காட்டிக்கொண்டிருப்பார்கள். இவர் தாமிரபரணியில் முங்கிக் கிடக்கிறவர் முகத்தோடு உட்கார்ந்திருப்பார். "ஏனுங் சார், தூங்கறீங்களா?" என்று மேசைக்கடியில் காலைத் தட்டியிருக்கிறேன். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்" என்பார், கண்ணைத் திறக்காமல். எல்லாம் முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "பையா, யே ஆயேகா தோ கௌன் ஜல்தி கர் ஜாயேகா?" இது வந்தால் இங்கே யார் சீக்கிரம் வீட்டுக்குப் போவார்கள் என்று அர்த்தம். வேகத்துக்கும் கொள்ளளவுக்கும் பதில் வைத்திருந்தவர்கள் இதற்கு முழிப்பார்கள். பெயர் சொல்லிப் பதில் வரும்வரை அவர் கையெழுத்துப் போடமாட்டார்.

ஒருமுறை சம்பளப் பிரிவுக்கு மொத்தமாகப் புதுக் கணினிகள் கேட்டார்கள். மாதக் கடைசியில் அந்தப் பெண்கள் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். சார் போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர்கள் வேலை செய்வதை ஒரு காலைப் பொழுது முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்து, "பெட்டி நல்லாத்தான் இருக்கு, மூச்சுதான் முட்டுது. மெமரியக் கூட்டிப் போட்டாப் போதும்" என்றார். போட்டோம். அந்த மாதக் கடைசியில் அவர்கள் வெயில் இருக்கும்போதே கைப்பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போவதை மாடியில் நின்று பார்த்தார். நான் கூப்பிட்டதுகூட அவர் காதில் விழவில்லை.

பழைய இயந்திரங்களை எடைபோட அவரிடம் வேறொரு வழக்கம் இருந்தது. ஒரு சர்வர் இன்னும் தேவைதானா என்று சந்தேகம் வந்தால் யாரிடமும் சொல்லாமல் அதை அணைத்துவிடுவார். பிறகு சர்வர் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு டீ வரவழைப்பார். அது யாருக்காவது வேண்டியிருந்தால் முதல் டீ ஆறுவதற்குள் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவருவார். உடனே போட்டுவிடுவார். இரண்டாவது டீ முடிந்தும் ஒருவரும் வரவில்லை என்றால் அந்தப் பெட்டியைக் கண்டம் பண்ணி ஏலத்துக்குத் தள்ளிவிடலாம். "ஒரு சாமானுக்கு என்ன பெறுமானம்னு அது இல்லாதப்பதான் மேடம் தெரியும்" என்பார். ஆனி மாத வெயில் வெளியே கொதிக்கும்போது அந்தக் குளிர்ந்த வாசலில் நானும் போய் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே இயந்திரங்களின் ரீங்காரம் ஒரே சுருதியில் கேட்டுக்கொண்டிருக்கும். யாராவது வருவார்களா என்று தாழ்வாரத்தைப் பார்த்தபடி இரண்டு பேரும் பேசாமல் இருப்போம். நான் பேசாமல் இருந்த இடம் தில்லியில் அது ஒன்றுதான்.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெரிய சர்வர் வாங்கும் பேச்சு வந்த வருடம், பழையவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தார். மூலையில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. அதிலிருந்து சுவருக்குள் போன வயரை யார், எப்போது இழுத்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அணைத்தார். இரண்டு டீ முடிந்தது. என் பங்குக்கு மூன்றாவதும் வரவழைத்தேன். ஒருவரும் வரவில்லை. கண்டம் பண்ணிய சாமான்களோடு அதுவும் ஏலத்துக்காகப் பின்வாசல் தாழ்வாரத்துக்குப் போனது. காவலாளி அதன்மேல் தன் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டார்.

முதல் மழை பெய்த அன்று மதியம் சார் அடித்தளத்துக்கு இறங்கிப் போனார். வேலையாக அல்ல, மழை பெய்தால் அங்கே போவார். ஹரியானாவிலும் உத்தரப்பிரதேசத்திலும் இருந்து வந்த மண் சின்னச் சின்னத் துணிப்பைகளில் அங்கேதான் அடுக்கியிருக்கும். ஈரக்காற்று பட்டதும் அத்தனை வயல்களும் ஒன்றாக மணக்கும். அந்த வாசனையில் அவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அன்றைக்கு அவர் திறந்தபோது எதிரே செல்வி இருந்தாள். ஒப்பந்த ஊழியர். விழுப்புரம் பக்கத்தில் இருந்து கட்டட வேலைக்கு வந்த பெற்றோருக்குத் தில்லியில் பிறந்த பெண். சுற்றிலும் பழைய காகிதக் கட்டுகளைப் பிரித்து வைத்துக்கொண்டு கையால் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வயலில் இருந்து புதிய பை வந்தால், அதே வயலின் பழைய அளவுகளைப் பக்கத்தில் குறித்து அனுப்புவது அவள் வேலை. அந்தப் பழைய அளவுகள் எல்லாம் கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன.

ஏன் மேலே வந்து சொல்லவில்லை என்று சார் கேட்டிருக்கிறார். எழுந்து நின்றாளாம். "மிஷின் பந்த் ஆயிடுச்சு சார். நான்தான் எதோ தப்பா அமுக்கிட்டேன்னு நெனச்சேன். இந்த மாசம் ரின்யூவல். கேட்டா என்னை எடுத்துடுவாங்க" என்றாளாம். தினமும் விளக்கு வைத்த பிறகும் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். பெட்டி திரும்பாவிட்டால் அவள் வேலை தேங்கும். தேங்கினால் புதுப்பிப்பு இல்லை. அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு ஓடியது.

சார் மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்து நின்ற முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. ஏலக்காரர்களின் டெம்போ வெளியே வந்து நின்றுவிட்டது. விஷயத்தைக் கேட்டதும் நான் கத்திக்கொண்டே ஓடினேன். அந்த ஒரு நாளைக்காவது என் வாய் உபயோகப்பட்டது. காவலாளியின் டிபன் பாக்ஸை நகர்த்திவிட்டு, நானும் சாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெட்டியைத் தூக்கி வந்தோம். மழைச்சாரல் அதன்மேல் அடித்திருந்தது. துடைத்தார், காயவிட்டார், வயரைச் செருகினார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் பண்ணாரி அம்மனை வேண்டிக்கொண்டேன். பிறகு மற்ற இயந்திரங்களின் ரீங்காரத்துக்கு அடியில் மெல்லிசாக இன்னொரு ரீங்காரம் சேர்ந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

கண்டம் பண்ணிய சாமானை ஏன் திரும்ப எடுத்தீர்கள் என்று இயக்குநர் கேட்டார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். வழக்கமாக வாய் திறக்க நேரமாகும் மனிதர் அன்றைக்கு யோசிக்கவே இல்லை. "கத்துதவங்க சத்தத்த வச்சுத்தான் சார் நான் இவ்வளவு நாளும் பெறுமானம் சொன்னேன். கத்தாதவங்கள நான் சேக்கவே இல்ல. தப்பு என்னுது" என்றார். ஒரு இயந்திரத்துக்கு இத்தனை வருட வாரண்டி கேட்டு எழுதி வாங்குகிறோம், அந்தப் பெண்ணுக்கு ஒரு வருடத்துக்கு உறுதி சொல்ல நமக்கு ஏன் இவ்வளவு யோசனை என்றும் கேட்டார். இயக்குநர் தமிழர் இல்லை என்பதால் இதையெல்லாம் இந்தியில்தான் சொன்னார். முதல் மூன்று வாக்கியங்கள் மட்டும் தமிழில் வந்துவிட்டன. நான்தான் மொழிபெயர்த்தேன். செல்வியின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. பெரிய சர்வர் வாங்கவில்லை. சின்னதாக ஒன்று வாங்கி, பழைய அளவுகளை அதற்கு மாற்றி, அடித்தளத்துக்கும் புது வயர் போட்ட பிறகே கறுப்புப் பெட்டிக்கு விடை கொடுத்தோம்.

அதற்குப் பிறகு அவர் டீக்காகக் காத்திருக்கவில்லை. ஒன்றை அணைத்தால் உடனே நடக்கத் தொடங்குவார். மேல்மாடியில் இருந்து அடித்தளத்தின் கடைசி அறை வரைக்கும், ஒவ்வொரு கதவிலும் தலையை நீட்டி, "சப் டீக் ஹை?", எல்லாம் சரிதானே என்று கேட்பார். சரி என்று சொன்னவர்களிடமும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் நகர்வார். சில நாள் நானும் கூடப் போவேன். வெயில் சாய்ந்த தாழ்வாரங்களில் தூசி மினுங்கும். கனவில் நடக்கிற மாதிரி இருக்கும். எதற்காகப் புறப்பட்டோம் என்பது பாதியில் மறந்து, எங்கள் ஊர்ப் பேச்சுக்குப் போயிருப்போம்.

ஓய்வுபெற்ற பிறகு அவரைக் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில். தலைமாட்டில் இதயத்துடிப்பைக் காட்டும் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நல்ல மிஷினு மேடம். நாம சும்மா கெடந்தாலும் அது கத்திருது. நர்ஸ் ஓடி வந்துருதா." இதை வாங்க நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா என்று கேட்டேன். சிரித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கம்போலக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் என்று நினைத்து நான் ஏதேதோ பேசிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பகவதி அக்கா சொன்னபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்தப் பனிக்காலைக்கு வருகிறேன். நான் ஆபீஸுக்குள் நுழைவதற்கு முன்பே செய்தி வாட்ஸப் குழுவில் வந்துவிட்டது. எல்லோரும் கைகூப்பும் படங்களைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கணிப்பொறிப் பிரிவில் நின்று பேசினார்கள். கார் ஏற்பாடு ஆயிற்று. யார் யார் போவது என்றும் முடிவாயிற்று. என்னையும் ஏறச் சொன்னார்கள். நான் ஏறவில்லை. மேல்மாடிக்குப் போய் அங்கிருந்து நடந்தேன். கதவு கதவாகத் தலையை நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஏறக்குறைய எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இவளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அடித்தளத்தின் கடைசி அறையில் செல்வி துணிப்பைகளுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒப்பந்த ஊழியர்களை அந்தக் குழுவில் சேர்ப்பதில்லை. அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொன்னேன். கையில் இருந்த பையை மெதுவாக அதன் இடத்தில் வைத்தாள். சாரிடம் கற்றபடி நானும் நகராமல் நின்றேன்.

"நானும் வரலாமா மேடம்?" என்று கேட்டாள்.

ஆணியில் மாட்டியிருந்த அவள் ஸ்வெட்டரை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பேருமாக ஜனக்புரிக்கு மெட்ரோவில் போனோம்.