குபின் வாத்தியார் குறித்த நேரம்

இது நடந்தது. எனக்கு நடந்தது. நேரம் குறிப்பதுதான் என் பிழைப்பு. மொராவியாவில் ஒரு குன்றின் மேலிருந்த வானாய்வுக்கூடத்தில் பதினோரு வருடம் உதவியாளனாக இருந்தேன். டாக்டர் லெஷ்னர் தொலைநோக்கியில் கண் வைத்து "இப்போ" என்பார். நான் ஊசல் கடிகாரத்தைப் பார்த்து நொடியோடு எழுதிக்கொள்வேன். அதனால் இதில் வரும் நேரங்களில் ஒரு நொடிகூடக் கற்பனை கிடையாது. மற்றதும் அப்படித்தான்.

வானம் பார்ப்பவர்கள் ஊர் ஊருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருப்பார்கள். எங்களுக்கும் நிறைய வரும். எழுத்துப் படிக்க டாக்டரின் கண் ஒத்துழைக்காது. நான்தான் படித்துக் காட்டுவேன். எனக்குப் பிடித்தவை தோபியாஸ் குபினின் கடிதங்கள். ஜெலெனோவ் கிராமத்துப் பள்ளி வாத்தியார் அவர். மாட்டுக் கொட்டகை மாடியில் சின்னத் தொலைநோக்கி வைத்திருந்தார். முதல் பக்கம் நட்சத்திரம். மறுபக்கம் 'வீட்டில்' என்று தலைப்புப் போட்டு வீட்டுச் சமாச்சாரம். மனைவி அபொலேனாவின் இருமல், முட்டையிட மறுக்கும் கோழி, ஒழுகும் பள்ளிக்கூடம். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் வீட்டுக் கோழிகளின் பெயர்கள் எனக்கு மனப்பாடம்.

1857 அக்டோபரில் ஒரு கடிதம். புது வால்நட்சத்திரம் ஒன்று கண்ணில் பட்டது, சரிபார்த்துச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். அன்று மாலையே பார்த்தோம். அவர் சொன்ன இடத்தில் அது இருந்தது.

தானே கண்டுபிடித்ததாக டாக்டர் பத்திரிகைக்கு எழுதினார். பிறகு குபினின் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"அடுப்புல போடு, லுகாஷ்."

"ஐயா, அவர்தானே முதல்ல..."

"கோழி மேய்க்கிற வாத்தி சொன்னா எவன் நம்புவான்? போடு."

போட்டேன். அது என் பாவம்.

டாக்டருக்குத் தங்கப் பதக்கம் வந்தது. குபின் நியாயம் கேட்டுப் பத்திரிகைக்கு எழுதினார். அவரிடம் அத்தாட்சி இல்லை. டாக்டரோ பள்ளி ஆய்வாளருக்கு எழுதி, பொய்யன் ஒருவன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லலாமா என்று கேட்டார். வேலை போனது. வேலையோடு வீடும் போனது. புருஷனும் பெண்டாட்டியும் ஆற்றோரக் குடிசை ஒன்றுக்குப் போனார்கள். அங்கே குபினுக்கு மார்புச்சளி கண்டது. டிசம்பர் 9-ஆம் தேதி இறந்துபோனார். ஆற்றங்கரை மயானத்தில் புதைத்தார்கள்.

செய்தி வந்த அன்று டாக்டர் பன்றி வறுவலை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

1858 ஜனவரி 14. மாலை 4.10. தபால் பையைத் திறந்தேன். மேலாக ஒரு கடிதம். குபினின் கையெழுத்து.

பழைய கடிதம் தாமதமாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். தேதியைப் பார்த்தேன். ஜனவரி 11.

டாக்டரிடம் படித்துக் காட்டினேன்.

'மதிப்பிற்குரிய ஐயா, புதிய பொருள் ஒன்றைக் கவனித்து வருகிறேன். ஜனவரி 11, மாலை 5.32. பொருள் உணவு மேசையில் இருந்தது. இடது கையால் ரொட்டியைப் பிய்த்தது. ஒளி நன்றாக உள்ளது.

வீட்டில்: கூரை மிகவும் தாழ்வு. எழுந்து உட்கார முடியவில்லை. ஆனால் எந்நேரமும் இருட்டு என்பதால் பார்ப்பதற்கு வசதி.'

டாக்டர் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "அவன் பெண்டாட்டி வேலை."

"அந்த அம்மாவுக்கு எழுதத் தெரியாது, ஐயா."

சிரிப்பு நின்றது.

பிப்ரவரி 6. அதே 4.10. இரண்டாம் கடிதம்.

'பிப்ரவரி 2, மாலை 5.50. பொருள் மாடிப்படியில் நின்றது. மார்பைப் பிடித்துக்கொண்டது. ஒளி மங்குகிறது.'

டாக்டரின் முகம் வெளுத்தது. "அப்ப படியில யாருமே இல்லையே... நீ எழுதுறியா?"

"என் கையெழுத்து உங்களுக்குத் தெரியாதா, ஐயா?"

அன்றிலிருந்து ஜன்னல்களுக்குக் கனத்த திரை போட்டார். சாவித் துவாரங்களில் துணி அடைத்தார். மார்ச் 3-இல் மூன்றாம் கடிதம் வந்தது. 'பொருளின் முன் திரை விழுந்தது. பார்க்கத் தடையில்லை. ஒளி மிகவும் குறைவு.'

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எனக்குப் பயம் இருந்தது. ஆனால் உள்ளூர ஒரு திருப்தியும் இருந்தது. அந்த வரிகளை வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

"உண்மையை எழுதிடுங்க, ஐயா. அவர் பேரைக் கொடுத்துடுங்க."

"செத்தவனுக்கு எதுக்குடா பேரு?"

சொல்லி வாய் மூடவில்லை. ஊசல் கடிகாரம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. பிறகு ஓடியது. பதினோரு வருடத்தில் அது தவறியதே இல்லை.

மார்ச் 17. 4.10. நான்காம் கடிதம். ஒரே வரி.

'மார்ச் 18, மாலை 6.52, நொடி 40. பொருள் மறையும்.'

இதுவரை நடந்ததை எழுதியவர், முதல் முறையாக நடக்கப்போவதை எழுதியிருந்தார்.

மறுநாள் மாலை டாக்டர் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதே." தொலைநோக்கி அறைக்குள் இருவரும் போய்த் தாழிட்டோம். கடிகாரத்தின் அருகே விளக்கை வைத்தேன்.

6.30. ஒன்றுமில்லை.

6.41. ஈர மண் வாசனை.

6.46. தரைக்கு அடியில் ஒரு சத்தம். க்ரீச்... க்ரீச்... பேனா முள் காகிதத்தில் ஓடும் சத்தம்.

"கேக்குதா?" என்றார் டாக்டர். தலையசைத்தேன்.

6.50. தொலைநோக்கி அசைந்தது.

யாரும் தொடவில்லை. அதன் வாய் வானத்தை விட்டு மெல்ல... மெல்ல... இறங்கியது.

அவர் முகத்துக்கு நேராக நின்றது.

"குபின்... எழுதிடறேன்... உன் பேரை எழுதிடறேன்..." காகிதத்தைத் தேடினார்.

பேனாச் சத்தம் நின்றது.

தொலைநோக்கியின் மறுமுனையில், யாரும் இல்லாத இடத்தில், ஒரு குரல்.

"இப்போ."

பழக்கம் விடவில்லை. என் கண் கடிகாரத்துக்குப் போனது.

6.52.

நொடி 40.

திரும்பிப் பார்த்தபோது டாக்டர் தரையில் கிடந்தார். கண்கள் திறந்திருந்தன.

இதயம் நின்றுவிட்டது என்றார் வைத்தியர். அன்றிரவே நான் பத்திரிகைக்கு எல்லாவற்றையும் எழுதினேன், கடிதத்தை எரித்தது உட்பட. நான்கு வரியில் திருத்தம் போட்டார்கள். வால்நட்சத்திரம் குபினுடையதானது. என் வேலை போனது.

ஏப்ரலில் அந்தத் திருத்தத்தை எடுத்துக்கொண்டு ஜெலெனோவ் போனேன். அபொலேனா அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். சூப்பும் கம்பு ரொட்டியும் வைத்தார். திருத்தத்தைப் படித்துக் காட்டினேன். அதை வாங்கி, மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"உங்க டாக்டரு என்னிக்குப் போனாரு, தம்பி?"

"மார்ச் பதினெட்டு. சாயங்காலம்."

அவர் ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"பத்தொன்பது காலைல வெள்ளம் வந்து கரையை அரிச்சிடுச்சு. இவரு குழியும் திறந்துக்கிச்சு. மேட்டுல வைக்கலாம்னு பெட்டியைத் தூக்கினாங்க. மூடி பேந்துக்கிச்சு. நான் என் கையால குளிப்பாட்டி, வெள்ளைச் சட்டை போட்டு அனுப்பின மனுஷன், தம்பி. வலது கைச் சட்டை முழங்கை வரைக்கும் மை. வெள்ளத் தண்ணியோன்னு குழிவெட்டுறவன் தொட்டுப் பார்த்தான்."

"காஞ்சு போயிருந்ததா?" என்று கேட்டேன்.

"இல்ல. அவன் விரல்ல ஒட்டிக்கிச்சு."