விளக்குக்காரி

சட்டைப் பொத்தான் அளவுள்ள பொம்மைத் தொப்பியைத் தண்ணீரில் போட்டுவிட்டு, டம்ளருக்கு நேராகக் கண்ணை வைத்து உட்கார்ந்திருக்கிறான் தம்பி. மூழ்கினால் அசல், மிதந்தால் போலி. பழைய பிளாஸ்டிக்குக்குக் கனம் அதிகமாம். தொப்பி தயங்கித் தயங்கி அடியில் போய் உட்காருகிறது.

"பாத்தியாக்கா? உக்காந்துட்டான்."

அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து பார்க்கிறாள். இருபத்தைந்து வருஷமாக இப்படித்தான் எழுந்து வந்து பார்க்கிறாள்.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். இரண்டு மாடிக்கு நடுவில் பெட்டி நின்றுபோய் உள்ளே ஆட்கள் கத்திக்கொண்டிருந்தால், கம்பெனியில் முதலில் அவனைத்தான் தேடுவார்கள். கதவில் காதை வைத்துக் கேட்டே எந்தச் சக்கரம் மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடுவான். எட்டாவதோடு நின்றுவிட்ட அக்காவுக்கு இதில் இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அவன் படித்ததெல்லாம் அவள் தைத்த தையலில்.

அவன் சேர்ப்பது 'சுரங்கப்படை' பொம்மைகள். விரல் நீளத்தில் பன்னிரண்டு பேர், பூமியைக் குடையும் வண்டி ஒன்று. அவனுக்கு எட்டு வயதாகும்போது கடைக்கு வந்தன. பத்து வயதாவதற்குள் காணாமல் போயின. செய்த கம்பெனியும் மூடிவிட்டது. "இந்தப் பேரை உன் வாயத் தவிர வேற எங்கயும் நான் கேட்டதில்லப்பா" என்பார் மேற்பார்வையாளர். "அதனாலதான் சார் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்" என்பான்.

முன்னறை அந்தப் பொம்மைகளுடையது. வெயில் பட்டால் நிறம் வெளுக்கும் என்று ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. மின்விசிறி இரண்டாம் எண்ணைத் தாண்டக் கூடாது. சளி பிடித்தவர்களுக்கு உள்ளே அனுமதியில்லை. பொம்மைகளின் மூட்டில் சேரும் அழுக்கை எடுக்க வலது ஆள்காட்டி விரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருக்கிறான். மற்ற ஒன்பதிலும் கிரீஸ். அது மட்டும் வெள்ளை வெளேர்.

"நாம வாடகைக்கு இருக்கோம், அதுங்கதான் வீட்டுக்காரங்க" என்று அவன் மனைவி சொல்வாள். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். மகளுக்குப் பதினோரு வயதானபோது அவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அக்கா தம்பியின் பக்கம் நின்றாள். "குடிக்கிறானா, ஊர் சுத்துறானா? பொம்மைதானே சேக்கிறான்?" உறவில் இந்தக் கேள்வியை அவளிடம் வாங்காதவர் யாருமில்லை.

மகளுக்கு இப்போது பத்தொன்பது. தூர தேசத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. கிளம்ப இன்னும் பத்து நாள். நாலு வருஷமாக எட்டிப் பார்க்காதவள், "ஞாயித்துக்கிழமை வர்றேன் அத்தை" என்று போன் செய்தாள். அக்கா பின்னறையில் இருந்த அட்டைப் பெட்டிகளைக் காலி செய்தாள். விரிப்பு, தலையணை உறை எல்லாம் துவைத்துப் போட்டாள். போவதற்கு முன் ஒரு வாரமாவது பெண் இந்த வீட்டில் தங்கிவிட்டுப் போக வேண்டும். அக்காவுக்கு வேறொன்றும் வேண்டாம்.

"டேய், அவளப் பத்திக் கேளு. இதுங்களப் பத்திச் சொல்லாத."

"சரிக்கா."

ஞாயிறு காலை அந்த நீள நகத்தை அவனே வெட்டிவிட்டு வந்து நின்றான்.

மகள் தோள்பை ஒன்றோடு வந்தாள். பை சின்னது என்பதை அக்கா கவனித்தாள்.

"ஆஸ்பத்திரி எத்தனை மாடி?" என்று தம்பி கேட்டான்.

"ஒம்பதுப்பா."

"லிஃப்ட் எந்தக் கம்பெனி?"

"போனதும் மொதல்ல அதத்தான் பாக்கப் போறேன்" என்று அவள் சிரித்தாள். அக்கா அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பின்னறைய ஒழிச்சு வச்சிருக்கேன். ஒரு வாரம் இருந்துட்டுப் போம்மா."

மகள் பையைத் திறந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். பிரிக்காத அட்டை. அதில் ஒட்டிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூட்டுக்குள், விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி விளக்குக்காரி. சுரங்கப்படையில் ஒரே பெண். தம்பி ஆறு வருஷம் தேடி, மகளின் ஏழாவது பிறந்தநாளுக்குக் கொடுத்தான். 'பிரிச்சிடாதம்மா' என்று சொல்லிக் கொடுத்தான். அக்காதான் அதை எட்டாத உயரத்தில் ஆணியடித்து மாட்டினாள்.

"நாற்காலி போட்டு ஏறிப் பாத்துட்டு இறங்கிடுவேன் அத்தை. ஒரு நாளும் தொட்டதில்ல. அம்மாகூடப் போகும்போதும் இப்படியேதான் எடுத்துட்டுப் போனேன்" என்றாள். பிறகு அட்டையை அப்பாவிடம் நீட்டினாள். "இப்பப் பிரிச்சுக் குடுங்கப்பா. அவ கை கீழ இறங்குமான்னு பாக்கணும். குடுங்க, ஒரு வாரம் என்ன, கிளம்புற வரைக்கும் இருக்கேன்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கண் விளையாடவில்லை.

தம்பி அதை இரண்டு கையிலும் வாங்கினான். "எனக்குத் தெரிஞ்சு பிரிக்காதது மூணுதாம்மா இருக்கு."

"இருக்கட்டும்."

"உள்ள, இடுப்புல ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அது இத்துப் போயிருக்கும். பிரிச்சா ரெண்டா விழுந்துடுவா. இப்படியே இருந்தா முழுசா இருப்பா."

"முழுசா இருக்கிற மாதிரி இருப்பா." மகள் அவன் முகத்தைப் பார்த்தாள். "எனக்குக் குடுக்கும்போதே தெரியுமாப்பா?"

அவன் அட்டையைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றான்.

வாழ்நாளில் முதல்முறையாக அக்கா மறுபக்கம் நின்றாள்.

"பிரிடா. வேற வளையம் போட்டுக்கலாம். பிரி."

தம்பி உள்ளே போய்ப் பிளேடு எடுத்து வந்தான். பிளாஸ்டிக் கூட்டின் ஓரத்தில் வைத்தான். எடுத்தான். வேறு ஓரத்தில் வைத்தான்.

"அட்டை கிழியாம எடுக்க வழி இருக்கான்னு பாக்கிறேன்" என்றான்.

மகள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு அவன் கையிலிருந்து அட்டையை வாங்கி, கூட்டின் ஓரத்தில் விரலைக் கொடுத்து, ஒரே இழுப்பாக இழுத்தாள். விளக்குக்காரி தரையில் விழுந்தாள். கால்கள் ஒரு பக்கம், விளக்குப் பிடித்த உடம்பு ஒரு பக்கம். முகப்புப் படம் பாதி உரிந்த அட்டை இன்னொரு பக்கம்.

தம்பி குனிந்தான். அவன் கை பொம்மையைத் தாண்டிப் போய் அட்டையை எடுத்தது. சுருண்டு நின்ற தாளை அதன் இடத்தில் வைத்துக் கட்டைவிரலால் நீவத் தொடங்கினான். மகள் பையைத் தோளில் மாட்டிய பிறகும் நீவிக்கொண்டிருந்தான்.