அண்ணன் காலுக்குப் பத்து அடி

எங்கள் வீட்டில் அளவு என்றால் அப்பாதான். சர்க்கார் ஆபீசில் கட்டிடப் படம் வரைகிறவர். தோல் உறை போட்ட துணி டேப் ஒன்று வைத்திருந்தார். அதன் பித்தளைப் பிடியைச் சுழற்றினால் சரசரவென்று உள்ளே சுருண்டுகொள்ளும். நுனியிலிருக்கும் வளையத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உத்தியோகம் எனக்கு. ஏழு வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய பதவியைப் பட்டணத்தில் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு டேப்பில் நம்பிக்கை கிடையாது. வீடு யாருடையதோ அவர் காலால்தான் அறையை அளக்க வேண்டும், குதிகாலிலிருந்து கட்டைவிரல் நுனிவரை ஓர் அடி, அப்படிப் பத்து அடி வைத்தால் குடும்பம் தழைக்கும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். "ஆளுக்கு ஆள் கால் மாறும். அங்குலம் மாறாது" என்பார் அப்பா. நான் அப்பா கட்சி. கால் என்பது நடப்பதற்குத்தானே!

குண்டு விழப்போகிறது என்று பாதிப் பட்டணம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடி, மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. நாங்கள் மயிலாப்பூரில் வாடகைக்கு இருந்தோம். மாம்பலத்து மனை அண்ணன் பேரில் இருந்தது. பட்டாளத்தில் சேர்ந்து சிங்கப்பூர் போனவன் அனுப்பிய சம்பளத்தில் வாங்கியது. சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனபிறகு அவனிடமிருந்து ஒரு கார்டுகூட வரவில்லை. அப்பா விசாரித்த இடத்திலெல்லாம் தகவல் இல்லை என்றார்கள். இருக்கிறான் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவன் வரும்போது அவனுக்கென்று ஓர் அறையாவது நிற்க வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தாள்.

சிமெண்டுக்குப் பர்மிட். அது நம்மைப்போன்றவர்களுக்குக் கிடைக்காது. சூளையில் சுட்ட புதுச் செங்கலெல்லாம் பட்டாளத்துக் கட்டிடங்களுக்குப் போய்விட்டது. அப்பா ஒன்பது அங்குலக் கல்லுக்கென்று படம் வரைந்து வைத்திருந்தார். வந்து இறங்கியதோ மயிலாப்பூரில் இடித்த ஏதோ பழைய வீட்டின் மெல்லிய சின்னக் கல்லும், கிளிஞ்சல் சுண்ணாம்பும். கொஞ்சம் புதுக் கல்லையும் தேடிப்பிடித்துச் சேர்த்துவிடலாம் என்றார் அப்பா. மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை.

"ரெண்டு கல்லும் ஒரே சொவுத்துல வெச்சா வரிசை சேராது நைனா. ஒண்ணு ஏறிக்கினு நிக்கும், ஒண்ணு எறங்கிக்கினு நிக்கும்."

அப்பா முணுமுணுக்காமல் சுவர்க் கனத்தை மாற்றி வரைந்தார். கல்லுக்கு விட்டுக்கொடுத்தவர் காலுக்கு மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. வீட்டில் தினமும் ரகளைதான்.

அறைக்கு அளந்து கயிறு கட்டுகிற அன்று காலையில் அம்மா ஒரு துணிப்பையுடன் மனைக்கு வந்தாள். உள்ளே அண்ணனின் பழைய செருப்பு. அவனுக்கு நீளமான கால். போட்டுப் போட்டுத் தோலில் குதிகாலும் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. பூஜை போட்ட மனையில் செருப்பை வைக்கலாகாது என்று மேஸ்திரி ரோட்டோரமாகவே உட்கார்ந்து, ஒரு மூங்கில் சிம்பைக் குதிகால் தடத்தில் வைத்துக் கட்டைவிரல் தடத்தோடு நறுக்கினார். குச்சியைக் கையில் எடுத்தவர் உடனே உள்ளே வரவில்லை. அப்பாவிடம் வந்து தலைத்துண்டை அவிழ்த்தார்.

"நைனா, தப்பா நெனைக்காதீங்க. கால் அளவுன்னா அந்த ஆளு உசுரோட இருக்கணும். அது எங்க தொழில்ல ஒரு மொறை. ஆளு இல்லன்னா டேப்புதான் புடிப்போம். நீங்க இன்னா சொல்றீங்களோ அப்டியே செஞ்சுடுறேன்."

அம்மா காலிப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள். நான் வளையத்தைப் பிடித்துக்கொண்டு மூலையில் தயாராக நின்றேன். அப்பா இத்தனை நாள் சொல்லிவந்ததை இன்னொரு தடவை சொன்னால் போதும், வேலை ஆரம்பமாகிவிடும். அவர் கையிலும் டேப் இருந்தது.

அவர் பித்தளைப் பிடியைச் சுழற்றினார். வளையம் என் விரலிலிருந்து நழுவித் தரையில் இழுபட்டுக்கொண்டே போய் உறைக்குள் புகுந்தது.

"குச்சியிலயே அளந்துடுங்க மேஸ்திரி" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவிடம் இப்படித் தோற்றுப்போனாரே என்று அப்பா மேல் அப்படி ஒரு கோபம். மேஸ்திரி குச்சியைப் புரட்டிப் புரட்டிப் பத்து அடி வைத்து முளை அடித்தார். ஜெயித்த அம்மா, ஜெயித்தவள் மாதிரி இல்லாமல் மணல் குவியலில் போய் உட்கார்ந்துகொண்டாள். அப்பா ரோட்டோரம் கிடந்த செருப்பை எடுத்துத் தன் வேட்டி நுனியால் தூசி துடைத்துப் பைக்குள் வைத்தார்.

ஜப்பான் சண்டை முடிந்தது. எங்கள் தெருவுக்கே ஒருவர் பர்மாவிலிருந்து தோளில் மூட்டையோடு திரும்பி வந்தார். அண்ணன் வரவில்லை. அந்த அறையை அம்மா தினமும் பெருக்கி விளக்கு வைத்தாள்.

பிறகொரு நாள், வீட்டு வரி போடுவதற்காக அளக்க ஒருவர் வந்தார். அவர் கொண்டுவந்த டேப்புக்கும் நான்தான் வளையம் பிடித்தேன்.

"எட்டு அடி ஒன்பது அங்குலம்" என்று படித்தார்.

"பத்து அடி" என்றார் அப்பா.

"இல்லீங்க சார், டேப்பைப் பாருங்க."

"பத்து அடின்னே எழுதிக்குங்க."

வந்தவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். நான் அடுக்களைக்கு ஓடினேன். அப்பா தப்பாகச் சொல்கிறார், வரி கூடிவிடும் என்று மூச்சிரைக்கச் சொன்னேன்.

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல், "சரியாத்தான் சொல்றாரு" என்றாள். முந்தானை கண்ணுக்குப் போயிற்று.

அண்ணன் காலுக்குப் பத்து என்பது எனக்கும் தெரியும். அதை டேப்போடு வந்தவரிடம் போய் அப்பா ஏன் சொல்ல வேண்டும், சொன்னதைக் கேட்டு அம்மா ஏன் அழ வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. வரி எவ்வளவு கூடுமோ என்ற கவலையோடு நான் திரும்பிப் போய், அடுத்த அறைக்கு வளையத்தைப் பிடித்தேன்.