நாலாவது கட்டம்

எங்கள் அத்தை அவ்வப்போது காணாமல் போவாள். இருந்த இடத்தைவிட்டு ஓர் அடிகூட நகராமல்தான். நாற்றைப் பிடித்த கை பாதியில் நிற்கும். கண் திறந்தே இருக்கும், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பத்து எண்ணுவதற்குள் மீண்டு வந்து, விட்ட இடத்திலிருந்து நடவைத் தொடர்வாள். கூட நடுகிற பெண்கள் ரொம்ப நாள் அதை யோசனை என்றே நினைத்திருந்தார்கள். “கலெக்டரு யோசன பண்றாங்க, யாரும் சத்தம் போடாதீங்கடி” என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா கேலி செய்வாள்.

ஒருநாள் கொதிக்கிற உலைப்பானையை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு அத்தை அப்படியே நின்றாள். அதன்பிறகுதான் அப்பா தன் அக்காவைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். இதுவும் ஒருவகை வலிப்புதான், எல்லா வலிப்பும் ஆளைக் கீழே தள்ளாது என்று டாக்டர் சொன்னாராம். மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டு, எப்போதெல்லாம் வருகிறது என்று வீட்டில் யாராவது ஒரு மாதம் குறித்துக்கொண்டு வாருங்கள் என்றிருக்கிறார்.

வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பத்து வயது. புத்தகப் பைக்குள் என்னென்ன இருக்கின்றன என்று பட்டியல் எழுதி, அதையும் பைக்குள்ளேயே வைத்திருந்தவள் நான். பட்டியலின் கடைசி வரி, ‘இந்தப் பட்டியல்’. இப்படிப்பட்ட பிள்ளைக்கு வேலை கிடைத்தால் விடுமா? அப்பா வாங்கிவந்த நாற்பது பக்க நோட்டில் ஸ்கேல் வைத்து மூன்று கட்டம் போட்டேன். தேதியும் நேரமும் ஒன்று. என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது இரண்டு. எத்தனை விநாடி என்பது மூன்று. மூன்றாவது கட்டத்துக்காகவே பிறந்ததுபோல் என் கையில் திருவிழாவில் வாங்கிய டிஜிட்டல் வாட்ச் ஒன்று இருந்தது.

சம்பா நடவு வந்தது. “அக்கா, இந்த வருசம் நீ நடவுக்குப் போவாத. தண்ணிப் பக்கமே வேணாம்” என்றார் அப்பா.

பூதலூர்ப் பக்கத்தில் புரட்டாசி மாதம் தண்ணீர் இல்லாத பக்கம் எது? அத்தை வாசலைக் காட்டினாள். “வாசல்லயே வாய்க்கா ஓடுது. என்னயத் தூக்கிப் பரண்ல வச்சிருடா.”

அத்தைக்கு அது வெறும் கூலி வேலை இல்லை. நடவு வரிசையின் வலதுகோடியில் அவள்தான் நிற்பாள். அவள் கை போகிற வேகத்தைப் பார்த்துத்தான் மற்ற பதினோரு பேரின் கையும் போகும். அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. காலாண்டு விடுமுறை முடியும்வரை நான் நோட்டோடு வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். அதன்பிறகு டாக்டர் சொல்கிறபடி. ஆகவே அத்தை இனி வயலில் இறங்கலாமா கூடாதா என்பது என் நோட்டில் இருந்தது. அது எனக்கு நன்றாகவே தெரியும். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முதல் நாள் சாயங்காலமே அத்தை நோட்டைப் படிக்கச் சொன்னாள்.

“காலை பத்து இருபது. நடவு. ஒன்பது விநாடி” என்று படித்தேன்.

“சரி. அந்த ஒம்போது விநாடில என்ன நடந்துச்சு?”

“ஒண்ணும் நடக்கலத்த. நீ சும்மா நின்ன.”

“நான் நின்னேன். மத்ததெல்லாமா நின்னுச்சு?”

யோசித்துப் பார்த்தேன். திருச்சி பாசஞ்சர் போனது. பெரியம்மா யாரையோ பார்த்து, “ஒன் வீட்டுக்காரரு நட்ட மாதிரில்ல கோணலாப் போவுது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். இதைச் சொன்னதும் அத்தை சிரித்தாள், எட்டு மணிநேரம் தாமதமாக. பிறகு என் பென்சிலை வாங்கி, ஸ்கேல் இல்லாமலே நாலாவதாக ஒரு கட்டம் போட்டாள். கோடு வளைந்து போனது. டாக்டர் கேட்காத கட்டம் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் வேண்டாவெறுப்பாக நிரப்பினேன். கொக்கு வந்து உட்கார்ந்தது. டீ வந்தது. பெரியம்மா தும்மினாள். ஒவ்வொரு சாயங்காலமும் அத்தை அந்தக் கட்டத்தை மட்டும்தான் கேட்பாள். விநாடிக் கணக்கை ஒருநாளும் கேட்கவில்லை.

கடைசி நாள் நடவு முடிந்து, வாய்க்கால் படியில் அத்தை கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கால் அளவுதான் தண்ணீர். நான் ஒரு படி மேலே நின்றேன். அவள் கை நின்றது. உடனே வாட்சைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. அதுவரை ஒருநாளும் அவளுக்கு முழங்கால் மடங்கியதில்லை. அன்று மடங்கியது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. வாட்சிலிருந்து கண்ணை எடுத்தால் கணக்குத் தப்பிவிடும் என்று நான் எடுக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு.

பெரியம்மா என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்து இறங்கி, அத்தையின் முடியைப் பிடித்து முகத்தைத் தூக்கினாள். “கடியாரத்தப் பாத்துக்கிட்டு நிக்கிறியேடி பாவி, கையி என்ன வெளங்காமயா போச்சு?” என்று கத்தினாள். என் கையில் வாட்ச் பத்தொன்பது காட்டியது.

படியில் உட்காரவைத்ததும் அத்தை இருமி இருமித் தண்ணீரைத் துப்பினாள். சுற்றி நின்ற பெண்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். “இத மட்டும் எழுதாத பாப்பா. எழுதுனா ஒங்கப்பா அவள வெளியவே விடாது” என்றாள் பெரியம்மா.

அத்தை முகத்தைத் துடைத்தாள். “எழுது” என்றாள். “எழுதத்தானே வந்த.” அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள். “நாலாவது கட்டத்துல என்ன போடப் போற?”

கொக்கு வந்ததா, ரயில் போனதா, தெரியாது. “நான் பாக்கலத்த. வாட்சப் பாத்துக்கிட்டிருந்தேன்” என்றேன்.

“அப்ப ரெண்டு பேருமே இல்லன்னு சொல்லு” என்று அத்தை சிரித்தாள். சிரிப்பில் மறுபடி இருமல் வந்தது. அவள் என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

டாக்டர் நோட்டைப் புரட்டி மாத்திரையை மாற்றினார். யார் எழுதியது என்று கேட்டு என்னைப் பாராட்டினார். தனியாகத் தண்ணீரில் இறங்கக் கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்றார். அடுத்த நடவில் அத்தை வரிசையின் நடுவுக்கு வந்தாள். ஒருபுறம் பெரியம்மா, மறுபுறம் அம்மா. வலதுகோடி வேறொருவருக்குப் போனது. ஆனாலும் பெண்கள் நடுவிலிருந்த கையைப் பார்த்தே நட்டார்கள். அதனால் அந்த வருடம் வரிசை கொஞ்சம் கோணலாகத்தான் போனது.

இப்போது நான் சென்னையில், கணினிகள் எத்தனை மணிக்கு, எத்தனை விநாடி நின்றுபோயின என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். அந்த நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பத்தொன்பது விநாடிக்கு நேரே நாலாவது கட்டம் காலியாக இருக்கும். டாக்டரிடம் போவதற்கு முந்தைய நாள் அது காலியாக இல்லை. நாலாம் வகுப்போடு நின்ற அத்தை தன் பெரிய எழுத்தில் அதில் ஒரு வரி எழுதியிருந்தாள்: ‘பாப்பா பக்கத்துல நின்னுச்சு.’

அந்த நேரத்தில் அங்கே இல்லாத அத்தை சொல்வதை எப்படிப் பட்டியலில் சேர்ப்பது? தவறான தகவல் என்று அன்றைக்கே முடிவு செய்து, பேப்பர் கிழியாமல், சுத்தமாக ரப்பரால் அழித்தேன்.

அத்தை பென்சிலை அழுத்தி எழுதுகிறவள். நோட்டைச் சாய்த்துப் பிடித்தால் இன்னமும் படிக்க முடிகிறது.