போகும்போது இடது பக்கம்

எங்கள் தெமியாங் வரிசை வீடுகளில் கப்பல் சுற்றுலா போய் வந்தவன் நான் ஒருத்தன்தான். அதனால் யார் டிக்கெட் எடுத்தாலும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். என்ன கொண்டுபோகணும், சோறு கிடைக்குமா, வாந்தி வருமா. எனக்குப் பேச்சு குறைவு. ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிடுவேன். மகள்தான் இதை எழுதி வைக்கச் சொன்னாள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்தவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பை. யார் அடுக்கிக் கொடுத்ததாக இருந்தாலும் வீட்டிலேயே திறந்து பாருங்கள். நான் பார்க்கவில்லை.

அது என் மனைவி அடுக்கிய பை.

நாங்கள் ரெண்டு பேரும் கோலா பிலா பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டினவர்கள். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை போட்டார்கள். பிறகு தோட்டத்தையே விற்றுவிட்டார்கள். தெமியாங்குக்கு வந்தோம். நான் ஒரு தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கிற ஜாகா வேலை பார்த்தேன். அவள் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைத்தாள்.

தீபாவளிக்கு மறுநாள் போர்ட்டிக்சன் போவோம். வருஷா வருஷம் அது உண்டு. சி ரூசா கடற்கரையில் பாய் விரித்து நாசி லெமாக், அவித்த கடலை, பிளாஸ்கில் தேத்தண்ணி. பிள்ளைகள் தண்ணீரில் கிடப்பார்கள். அவள் கால்கூட நனைக்க மாட்டாள். உட்கார்ந்து கப்பலைப் பார்ப்பாள். தூரத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

"என்னாங்க, அங்கேருந்து பாத்தா நாம தெரிவோமா?"

"ஒன்ன மட்டும் தெரியும்."

"ஒங்கள?"

"நான் ஒல்லி."

கையில் இருக்கிற துண்டாலேயே ஓர் அடி வைப்பாள். ஆரஞ்சு நிறத் துண்டு. பிறகு அதே துண்டைத் தூக்கிக் கப்பலைப் பார்த்து ஆட்டுவாள். ஒரு கப்பலையும் விடமாட்டாள்.

"ம்மா, மாலுலா, வெக்கமா இருக்கு! எல்லாரும் பாக்குறாங்க," என்பாள் மகள். "அது எண்ணெய்க் கப்பல். அதுல யாரு இருக்கா ஒங்களப் பாக்க?"

"ஓட்றவன் இருப்பான்ல."

அடுத்த வருஷமும் அதையே கேட்பாள். நானும் அதே பதிலைத்தான் சொல்வேன். அவளும் அதற்காகத்தான் கேட்கிறாள் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவளுக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது.

நான் ஜாகா வேலையை விட்டபோது மகள் எங்கள் ரெண்டு பேருக்கும் கப்பலில் இடம் எடுத்தாள். போர்ட் கிள்ளானில் ஏறி, சிங்கப்பூர் வரை போய்த் திரும்புவது. போகிற வழியில் போர்ட்டிக்சனைத் தாண்டித்தான் போகும் என்றாள். அதைக் கேட்ட அன்றே என் மனைவி அலமாரி மேலிருந்து பையை இறக்கிவிட்டாள். பயணத்துக்கு இன்னும் மாசக்கணக்கில் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வேலி ஓரம் நின்று கேலி செய்வாள். "என்னாக்கா, கேப்டன் ஒங்களுக்காகக் கப்பல நிறுத்தி வச்சிருக்காராமே?"

"நிக்கட்டும்லா. பொட்டு வச்சிக்கிட்டு வர்றேன்னு சொல்லு."

தினமும் பையில் ஏதாவது வைப்பாள், எடுப்பாள். என்னை நெருங்க விடமாட்டாள். "ஒங்களுக்கு மடிக்கத் தெரியாது."

கப்பலுக்கு முன்னால் அவள் போய்விட்டாள். வயிற்றில் வலி என்று படுத்தாள். சிரம்பான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வரவில்லை. சாம்பலைப் போர்ட்டிக்சன் கடலில்தான் கரைத்தோம்.

காரியம் முடிந்து சில நாள் போனது. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ப்பா, கப்பலக் கேன்சல் பண்ணிடவா?"

"அவ பேர மட்டும் வெட்டு. நான் போறேன்."

"தனியாவா? போயி என்னப்பா செய்வீங்க?"

"பாத்துட்டு வர்றேன்."

"என்னத்த?"

  அவள் எழுந்துபோய் ஆணியில் தொங்கிய ஆரஞ்சுத் துண்டை எடுத்தாள்.

"அன்னிக்கு நாங்க சி ரூசாவுல நிக்கிறோம்ப்பா. அம்மா ஒக்கார்ற எடத்துலயே."

பையைத் திறந்து பார்க்கட்டுமா என்றும் கேட்டாள். வேண்டாம் என்றேன். என் மனைவி மூடியது மூடியபடி இருக்கட்டும் என்று இருந்தது.

போர்ட் கிள்ளானில் பையை இயந்திரத்துக்குள் விட்டார்கள். வெளியே வந்ததும் ஒரு மலாய்ப் பையன் அதை மேசைக்குத் தூக்கிப்போனான். திறக்கச் சொன்னான். என் கை ஜிப்பில் நின்றுவிட்டது. அவனே திறந்தான்.

தண்ணீர் கொதிக்க வைக்கிற கெட்டில் இருந்தது. அவளுடைய பச்சைப் புடவையில் சுற்றி வைத்திருந்தாள். இஸ்திரிப் பெட்டி இருந்தது. நெத்திலிச் சம்பல் ஒரு போத்தல், மூடிமேல் பிளாஸ்டிக் கட்டி ரப்பர் பேண்ட் போட்டு. தைலம். எனக்கு ஒரு ஸ்வெட்டர். அவளுக்கு ஒரு ஸ்வெட்டர், புதிது, விலைச்சீட்டுகூட எடுக்கவில்லை. ரெண்டு ஜோடிப் புதுச் செருப்பு. எல்லாம் மேசையில். பின்னால் வரிசை நிற்கிறது.

அவளுக்கென்று என்ன வாங்கினாள் என்று எனக்கு அங்கேதான் தெரிந்தது.

கெட்டில், இஸ்திரிப் பெட்டி ரெண்டும் உள்ளே போகக்கூடாதாம். தீப்பிடிக்கும் என்று பயம். இறங்கும்போது தருகிறேன் என்று எடுத்து வைத்துக்கொண்டான். கொண்டுபோகாதீர்கள். சம்பலை விட்டுவிட்டான். புடவையைக் கையில் எடுத்து, "மாச்சி மானா?" என்றான். அம்மா எங்கே என்று கேட்கிறான்.

"வரல," என்றேன் மலாயில்.

அவன் புடவையைத் திரும்ப மடித்து வைத்தான். நல்லாவே மடித்தான்.

மருந்து மாத்திரையைப் பெரிய பையில் போடாதீர்கள். கையில் வைத்திருங்கள். பெரிய பை அறைக்கு வந்துசேர நேரமாகும். கழுத்தில் மாட்ட ஓர் அட்டை கொடுப்பார்கள். குளிக்கப் போகும்போதுதான் கழற்றணும். கதவு திறப்பதும் அதில்தான். அறை எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், எல்லா நடைபாதையும் ஒன்றுபோலவே இருக்கும். சாப்பாட்டு மண்டபத்தில் முதல் மேசையிலேயே தட்டை நிரப்பாதீர்கள். சுற்றி வந்து பார்த்துவிட்டு எடுங்கள். உள்ளே குளிர் அதிகம். மழைக் காலத்தில் விடியுமுன் மரம் வெட்டப் போவோமே, அந்தக் குளிர். அவளுக்கு அது எப்படித் தெரிந்ததோ. நான் என் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். அவளுடையதையும் அறையில் விட மனமில்லை. தோளில் போட்டுக்கொண்டேன்.

கப்பல் கிளம்புமுன் எல்லாரையும் ஒரு தளத்தில் வரிசையாக நிற்க வைப்பார்கள். ஆபத்து வந்தால் எங்கே வரணும், மிதவைச் சட்டையை எப்படிப் போடணும் என்று காட்டுவார்கள். போகாமல் அறையில் படுத்துக்கொள்ளாதீர்கள். ஆள் கணக்குச் சரியாக வரும்வரை விடமாட்டார்கள்.

எனக்கு அதைப் பார்த்ததும் தோட்டத்துப் பெரட்டு ஞாபகம் வந்தது. விடியுமுன் ஆபீஸ் வாசலில் வரிசையில் நிற்போம். கணக்கு எழுதும் கிராணி பேர் வாசிப்பார். குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை உண்டு. கொடுக்காவிட்டால் இல்லை. கைக்குழந்தை இருந்த காலத்தில் என் மனைவி பால் கொடுத்துவிட்டு ஓடிவரக் கொஞ்சம் பிந்தும். அவள் பேர் வந்தால் நான்தான் குரல் கொடுப்பேன். "இருக்கு!" கிராணிக்குத் தெரியும். தலை நிமிராமல் அடுத்த பேருக்குப் போய்விடுவார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நிற்பாள்.

கப்பலில் ஓர் இந்தோனேசியப் பெண் பேர் வாசித்தாள். சின்ன வயசு. சீருடை. என் பேர் வந்தது. "ஆடா," என்றேன், இருக்கிறேன் என்று. அடுத்து என் மனைவி பேர் வந்தது. வெட்டச் சொல்லித்தான் இருந்தோம். எங்கேயோ விட்டுப்போயிருக்கிறது. அந்தப் பெண் அதை உடைத்து உடைத்து வாசித்தாள்.

"ஆடா," என்றேன்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது.

கடைசியில் ஆளை எண்ணினார்கள். ஒன்று குறைந்தது. திரும்ப எண்ணினார்கள். அப்போதும் குறைந்தது. சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் நின்ற தமிழ் ஆள், கோலாலம்பூர்க்காரர் போல, சத்தமாகவே சொன்னார். "எவன்லா அது? டாய்லெட்ல தூங்குறானா? கப்பலு இன்னிக்குப் போவுமா போவாதா?"

நான் கையைத் தூக்கினேன்.

அந்தப் பெண் கிட்டே வந்தாள். "பாக், மனைவி எங்கே?" வயசான ஆம்பிளையை அவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"இறந்துட்டா."

மலாயில் இரண்டே வார்த்தை. சத்தமில்லாமல்தான் சொன்னேன். சுற்றி இருந்தவர்களுக்குக் கேட்டுவிட்டது. அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். பிறகு கோடு போட்டாள். கணக்குச் சரியாக வந்தது. எல்லாரையும் விட்டார்கள். பின்னால் நின்றவர் என் தோளைத் தொட்டார். "மன்னிச்சிக்குங்க பெரியவரே." பரவாயில்லை என்றேன். அவர்மேல் என்ன தப்பு.

அந்தப் பெண் மட்டும் போகவில்லை. ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள்.

"போர்ட்டிக்சன் எந்தப் பக்கம் தெரியும்?"

"போகும்போது இடது பக்கம், பாக். சூரியன் மறைகிற நேரமாக இருக்கும். எல்லாரும் வலது பக்கம் போவார்கள். நீங்கள் போகாதீர்கள்."

இது நல்ல யோசனை. எனக்குச் சொன்னவள் அவள். உங்களுக்கும் சொல்கிறேன்.

அவள் சொன்னபடியே நடந்தது. வெயில் தாழ்ந்ததும் மேல்தளத்தில் எல்லாரும் வலது பக்கம் போய்விட்டார்கள். பாட்டு, போட்டோ, சிரிப்பு. கடலே சிவந்து கிடந்தது. இடது பக்கம் நான் ஒருத்தன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கரை ஒரு சாம்பல் கோடு. அவ்வளவுதான். கோட்டின்மேல் ஓரிடத்தில் கொஞ்சம் மேடு. சில வெள்ளைப் புள்ளி, ஓட்டல் கட்டடமாக இருக்கும். எது சி ரூசா என்று தெரியவில்லை. மணல் தெரியவில்லை. மரம் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் கோடுதான்.

கரையிலிருந்து பார்த்தால் கப்பல் எவ்வளவு பெரிதாகத் தெரியும். இங்கிருந்து ஒன்றுமே இல்லை.

போன் அடித்தது. கடலில் போனை அணைத்து வைத்திருங்கள். தூரம் போனால் கப்பலுடைய லைனைப் பிடித்துக் காசை உறிஞ்சிவிடும். நான் இந்த ஓர் அழைப்புக்காகத் திறந்து வைத்திருந்தேன்.

"ப்பா! ஒங்க கப்பல் தெரியுதுப்பா! வெள்ளையா, பெருசா. இப்பதான் வருது."

"ம்."

"நாங்க அம்மா எடத்துலதான் நிக்கிறோம். துண்ட ஆட்டுறேன்ப்பா. தெரியுதா?"

காற்று இரைந்தது. அவள் பக்கத்துக் காற்றா, என் பக்கத்துக் காற்றா, தெரியவில்லை.

"ப்பா? கேக்குதா? தெரியுதாப்பா?"

"தெரியுது," என்றேன்.

"அம்மா துண்டுப்பா. ஆரஞ்சு."

"தெரியுதும்மா. நல்லாத் தெரியுது."

அவள் அழுதாள். அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்களேப்பா என்றாள். அதற்குள் லைன் போய்விட்டது.

தோளில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்தேன். அவளுடையது. விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தூக்கிக் கரையைப் பார்த்து ஆட்டினேன். கை வலிக்கும்வரை ஆட்டினேன். அந்த மேடு பின்னால் போனது. பிறகு கோடும் இருட்டோடு போனது. வலது பக்கம் போனவர்கள் சாப்பிட இறங்கினார்கள்.

அறைக்குத் திரும்பினால் கட்டில்மேல் ரெண்டு துவாலை. அன்னப்பறவை மாதிரி முறுக்கி, தலையோடு தலை சேர்த்து வைத்திருந்தார்கள். ரெண்டு சாக்லேட். அறைப் பையனுக்கு யாரும் சொல்லவில்லை போல. நானும் சொல்லவில்லை. இறங்குகிற நாள்வரை ரெண்டாகவே வைத்தான். முறுக்கியதை நான் பிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் படுத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது போர்ட்டிக்சன் வலது பக்கம் வரும். அப்போது நான் மேலே போகவில்லை. சம்பலை மட்டும் தினமும் சாப்பாட்டு மண்டபத்துக்குக் கொண்டுபோனேன். தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் கொஞ்சமாக. போத்தலின் அடியில் ஒரு கரண்டி மிச்சம் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அது இன்னும் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது. மகள் கொட்டச் சொல்கிறாள்.

அவளிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை. இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள். தெரியட்டும்.

இப்போது பக்கத்து வீட்டுக்காரியும் அவள் புருஷனும் போகப்போகிறார்கள். வேலி ஓரம் வேலை செய்தபடியே கேட்டாள். பை, மருந்து, ஸ்வெட்டர் எல்லாம் சொன்னேன். கெட்டில் வேண்டாம் என்றேன்.

"அண்ணே, அங்கேருந்து பாத்தா போர்ட்டிக்சன் தெரியுமாண்ணே? அக்கா எப்பப் பாரு அதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாங்க."

"போகும்போது இடது பக்கம் நில்லுங்க."

"தெரியுமா?"

"கைய ஆட்டுங்க."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். 

அவர்கள் கிளம்புகிற அன்று மத்தியானம் நான் பஸ் ஏறி சி ரூசா போகிறேன். துண்டு மகளிடம் இருந்தது. போன வாரம் வாங்கிவந்து துவைத்துக் காயப்போட்டு வைத்திருக்கிறேன்.